பத்தடி உயரம்: கூடைப்பந்து வளையமும் பலகையும் சோதனைக்கு உள்ளான வரலாறு

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது நம்மவர் பழமொழி. தன் குறையை மறைக்க இடத்தின்மேல் பழி போடுவோரை எள்ளி நகையாடப் பிறந்த மொழி அது. ஆயினும் ஒரு கேள்வி எழுகின்றது. கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்துவிட்டால் என் செய்வது? ஆடுபவள் சொல்வது மெய்யா பொய்யா என்பதை எவ்வாறு அறிவது?

ஆசிரியப் பணியில் இறங்கிய புதிதில் இக்கேள்வி எனக்கு நேராகவே வந்தது. நான் பணியாற்றிய பள்ளியின் திடலில் கூடைப்பந்துக் கம்பங்கள் இரண்டு நின்றன. கிழக்குப் பக்கத்து வளையத்தில் பந்து விழுவதே இல்லை என்று மாணவர்கள் ஓயாது முறையிட்டனர். நான் மேற்படி பழமொழியைச் சொல்லி அவர்கள் வாயை அடைத்தேன். பின்னர் ஒருநாள் அளவு நாடாவுடன் ஏணியில் ஏறிப் பார்த்தேன். வளையத்தின் முன்விளிம்பு நான்கு விரற்கடை தாழ்ந்து கிடந்தது. பழமொழி தோற்றது, மாணவர் வென்றனர். அன்றுதொட்டு, அளந்து பாராமல் எவரையும் கேலி செய்வதில்லை என்று உறுதி பூண்டேன்.

கூடைப்பந்து வளையத்தின் வரலாறும் இத்தகையதே. அதன் உயரம் என்ன, அதன் பின்னால் பலகை எதற்கு, வளையம் விறைப்பாக இருக்கவேண்டுமா வளைந்து கொடுக்கவேண்டுமா என்னும் கேள்விகள் அமெரிக்க நாட்டில் நூறாண்டுகளுக்கு மேலாக எழுப்பப்பட்டு, சோதிக்கப்பட்டு, சில ஏற்கப்பட்டு, சில தள்ளப்பட்டு வந்துள்ளன. இவ்வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

உப்பரிகையில் தொங்கிய பழக்கூடை

1891ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்பீல்டு நகரில் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் பயிற்சிக் கல்லூரி இருந்தது. வெளியே கடுங்குளிர். கால்பந்தும் பேஸ்பாலும் ஆட இயலாத காலம். உள்ளே உடற்பயிற்சி வகுப்பில் பதினெட்டு இளைஞர்கள் சலிப்புற்றுக் கிடந்தனர். அவர்களுக்கென ஒரு புதிய உள்ளரங்க விளையாட்டைக் கண்டுபிடிக்குமாறு துறைத் தலைவர் லூதர் குலிக் பணித்தார். பணிக்கப்பட்டவர் கனடா நாட்டில் பிறந்த முப்பது வயது ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித்.

நெய்ஸ்மித் நன்கு ஆராய்ந்தார். தரையோடு தரையாக நிற்கும் இலக்கை நோக்கிப் பந்தை எறிந்தால், எறிபவர் தம் வலிமை முழுவதையும் காட்டுவார். மூடிய கூடத்தில் எலும்பு முறியும். இலக்கைத் தலைக்குமேல் கிடையாக வைத்துவிட்டாலோ பந்தை வில்போல வளைத்து மெல்ல எறிந்தாக வேண்டும். அப்போது வலிமைக்கு வேலை இல்லை, குறிக்கே வேலை. தாம் சிறுவனாக இருந்தபோது ஆடிய கல்லெறி விளையாட்டு ஒன்று இக்கருத்தை அவருக்கு அளித்தது.

அவர் கூடத்துப் பணியாளிடம் சதுரப் பெட்டிகள் இரண்டு கேட்டார். பெட்டி இல்லை, பீச் பழம் வைக்கும் கூடைகளே கிடைத்தன. அவற்றைக் கூடத்தைச் சுற்றியிருந்த உப்பரிகையின் கீழ்ச்சட்டத்தில் எதிரும் புதிருமாக ஆணியடித்து மாட்டினார். அச்சட்டம் தரையிலிருந்து பத்தடி உயரத்தில் இருந்தது. இன்று உலகெங்கும் ஆடப்படும் ஆட்டத்தின் இலக்கு 3.05 மீட்டர் உயரத்தில் நிற்பதற்கு இதுவே காரணம். எவரும் மனித உடலை அளந்து அவ்வுயரத்தைக் கணித்தாரல்லர். ஒரு கட்டடத்தின் உப்பரிகை அவ்வளவு உயரத்தில் இருந்தது, அவ்வளவே.

பக்கத்துக்கு ஒன்பதின்மராக ஆடிய முதல் ஆட்டத்தில் ஒரே ஒரு முறைதான் பந்து கூடைக்குள் விழுந்தது. விழுந்த பந்தை எடுக்க ஒவ்வொரு முறையும் ஏணி தேவைப்பட்டது. எனவே கூடையே முதலில் மாற்றத்துக்கு உள்ளாயிற்று. பழக்கூடை போய்க் கம்பிக்கூடை வந்தது. 1893இல் ராட் ஐலண்டு மாநிலத்தைச் சேர்ந்த நாரகான்செட் இயந்திர நிறுவனம் இரும்பு வளையத்தில் வலைப்பை கோத்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. கயிற்றை இழுத்தால் பந்து வெளியேறும். அடி திறந்த வலை 1910களில்தான் நிலைபெற்றது. ஓட்டையிட்டால் போதும் என்னும் எளிய உண்மை விளங்க ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கடந்தன என்பது நாம் வியக்கத்தக்கதே.

பார்வையாளர்களைத் தடுக்க வந்த பலகை

பின்பலகை எதற்காக வந்தது என்று மாணவரைக் கேட்டால், பந்தை மோதவிட்டு உள்ளே செலுத்துவதற்கு என்பர். அது பிற்காலப் பயன். முதற்காரணம் வேறு. கூடைகள் உப்பரிகையில் தொங்கின அல்லவா? உப்பரிகையில் அமர்ந்து பார்த்தவர்கள் கை நீட்டித் தம் கட்சியின் பந்தை உள்ளே தள்ளினர். எதிர்க்கட்சியின் பந்தைத் தட்டிவிட்டனர். இத்தொல்லையைத் தடுக்கவே 1890களின் நடுவில் ஆறடி அகலமும் நான்கடி உயரமும் உடைய தடுப்பு கூடைக்குப் பின்னால் நிறுத்தப்பட்டது.

முதலில் அது கம்பிவலையால் ஆனது. பந்து பட்டுப் பட்டு வலையில் பள்ளங்கள் விழுந்தன. எந்தப் பள்ளத்தில் பட்டால் பந்து எப்பக்கம் திரும்பும் என்பது அக்கூடத்தில் நாள்தோறும் ஆடுபவருக்கே தெரியும். வெளியூரிலிருந்து வந்தவர் ஏமாந்தனர். எனவே அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மரப்பலகை வந்தது.

இங்கு ஓர் உண்மையைக் குறித்துக்கொள்ளல் நலம். கருவியில் செய்யும் மாற்றம் ஒன்று, தான் தீர்க்க வந்த குறையைத் தீர்ப்பதோடு நிற்பதில்லை. பார்வையாளரின் கையைத் தடுக்க வந்த பலகை, ஆட்டத்தின் இயல்பையே மாற்றிவிட்டது. பலகையில் பட்டுத் திரும்பும் பந்துக்காகத் துள்ளி எழுவது தனித்திறமை ஆயிற்று. உயரமானவனுக்குத் தனி மதிப்பு ஏற்பட்டது.

இதனை மெய்ப்பிக்க நம் கண்முன்னேயே ஒரு சான்று உண்டு. 1895இல் இவ்விளையாட்டு இங்கிலாந்தின் மகளிர் உடற்பயிற்சிக் கல்லூரி ஒன்றை அடைந்தது. அங்கு அது தனிவழியில் வளர்ந்து வலைப்பந்து ஆயிற்று. நம் பள்ளிகளில் மாணவியர் ஆடும் அதே வலைப்பந்துதான். அதன் வளையமும் பத்தடி உயரத்தில் நிற்கின்றது. ஆனால் பின்பலகை இல்லை. வளையத்தின் உள்விட்டமும் 15 அங்குலமே. கூடைப்பந்து வளையமோ 18 அங்குலம். ஒரு தாய் வயிற்றில் பிறந்த அக்காளும் தங்கையும் வெவ்வேறு வீடுகளில் வளர்ந்து வெவ்வேறு குணம் பெற்றதுபோல, இரண்டு ஆட்டங்களும் பிரிந்தன. பலகை உள்ள ஆட்டத்தில் சாய்வாகவும் விரைவாகவும் எறியலாம். பலகை இல்லாத ஆட்டத்தில் பந்து உயர எழுந்து நேராக இறங்க வேண்டும். விதிகள் பல வேறுபட்டாலும், பலகையின் இன்மை செய்த வேறுபாடு எவர் கண்ணுக்கும் புலனாகும்.

பலகை நகர்ந்த கதை

பலகை சுவரோடு ஒட்டியிருந்த காலத்தில் ஆட்டக்காரர்கள் ஓடிவந்து சுவரில் கால் வைத்து ஏறிப் பந்தைப் போட்டனர். 1920-21ஆம் ஆண்டு விதியில் பலகை சுவரிலிருந்து இரண்டடி முன்னே கொணரப்பட்டது. 1939-40இல் எல்லைக்கோட்டிலிருந்து நான்கடி உள்ளே தள்ளப்பட்டது. கூடைக்குப் பின்னாலும் ஓடியாட இடம் கிடைத்தமையால் ஆட்டம் விரிவடைந்தது.

அடுத்து எழுந்த கேள்வி, பலகை முழுவதும் தேவையா என்பது. கீழ் மூலைகளில் பந்து படுவது அரிது. அவற்றை வெட்டிவிட்டால் பார்ப்பவர் கண்ணுக்கும் தடை குறையும். இக்கருத்தால் விசிறி வடிவப் பலகை தோன்றி, 1940-41இல் அமெரிக்கக் கல்லூரி விதிகளில் இடம்பெற்றது. 1946-47இல் ஒளி ஊடுருவும் பலகைக்கும் இசைவு கிடைத்தது. கூடைக்குப் பின்வரிசையில் காசு கொடுத்து அமர்ந்தவரும் ஆட்டத்தைப் பார்க்கலாம் என்பதே கண்ணாடியின் பெருஞ்சிறப்பு.

ஆனால் மரம் விரிசல் விடும், கண்ணாடியோ நொறுங்கும். 1946 நவம்பர் 5ஆம் நாள் பாஸ்டன் நகரில் செல்டிக்ஸ் குழுவினர் தம் ஊரில் ஆடிய முதல் தொழில்முறை ஆட்டத்துக்கு முன், பயிற்சி எறிதலின்போதே சக் கானர்ஸ் என்பவர் எறிந்த பந்து வளையத்தைத் தாக்கக் கண்ணாடிப் பலகை உடைந்தது. மாற்றுப் பலகை வரும்வரை ஆட்டம் தாமதப்பட்டது. பிற்காலத்தில் தொலைக்காட்சி நடிகராகப் புகழ்பெற்ற அவருக்கு, பலகை உடைத்த முதல் தொழில்முறை வீரர் என்ற பெயரும் நிலைத்துவிட்டது.

பன்னிரண்டடிச் சோதனை

இனி இக்கட்டுரையின் நடுப்பொருளுக்கு வருவோம். உயரமான வீரர்கள் பெருகப் பெருக, பத்தடி உயரம் போதாது என்னும் குரல் வலுத்தது. அக்குரலை உரக்க எழுப்பியவர் கான்சஸ் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பாரஸ்ட் ஆலன். அவர் நெய்ஸ்மித்திடமே பயின்றவர். குரு தொங்கவிட்ட உயரத்தை மாற்றவேண்டும் என்று மாணாக்கர் வாதாடினார். வளையத்தைப் பன்னிரண்டடிக்கு உயர்த்தினால், நெட்டையன் கூடைக்கு அருகில் நின்று பந்தை இடும் எளிமை போய்விடும் என்பது அவர் துணிபு. வாதத்தோடு நிற்காமல், 1934 டிசம்பரில் கான்சஸ் மாநிலக் கல்லூரிக் குழுவுடன் பன்னிரண்டடி உயரத்தில் ஆடிப் பார்க்கவும் செய்தார். ஆயினும் நாடு அவர் வழி செல்லவில்லை.

இருபது ஆண்டுகள் கழிந்தன. அப்போது தொழில்முறை ஆட்டத்தில் மினியாபோலிஸ் லேக்கர்ஸ் குழுவின் ஜார்ஜ் மைக்கன் கொடிகட்டிப் பறந்தார். அவர் உயரம் 6 அடி 10 அங்குலம். அவரை அடக்கும் வழி தெரியாமல் மற்றவர் திகைத்தனர். 1954 மார்ச்சு 7ஆம் நாள் லேக்கர்ஸ் குழுவும் மில்வாக்கி ஹாக்ஸ் குழுவும் பன்னிரண்டடி வளையத்தில் மோதின. இது வெறும் காட்சி ஆட்டமன்று. பருவப் பட்டியலில் கணக்கிடப்பட்ட ஆட்டம். லேக்கர்ஸ் குழு 65க்கு 63 என வென்றது. அப்பருவத்தில் ஒரு குழு ஓர் ஆட்டத்தில் சராசரியாக 79.5 புள்ளிகள் எடுத்து வந்தது. அதனோடு ஒப்பிட்டால் இரு குழுக்களும் தடுமாறியமை தெளிவு.

யாருக்கு ஆதாயம்? நெட்டையரை அடக்குவதற்காகச் செய்த சோதனையில் நெட்டையர் மிகுந்த குழுவே வென்றது. கூடைக்கு அருகில் நிற்கும் நெடியவனுக்கே இம்மாற்றம் மேலும் துணைசெய்தது என்று ஆடியவர்களே பின்னாளில் கூறினர். பத்தடிக்கே வளையம் இறங்கியது.

கணக்கு என்ன சொல்கின்றது?

இம்முடிவு விந்தையாகத் தோன்றலாம். ஆனால் காகிதமும் எழுதுகோலும் கொண்டு பார்த்தால் விந்தை நீங்கும்.

வளையத்தின் உள்விட்டம் 18 அங்குலம். பந்தின் விட்டம் ஏறத்தாழ 9½ அங்குலம். பந்து செங்குத்தாக இறங்கினால் 18 அங்குல வாயில் முழுவதும் அதற்குத் திறந்திருக்கும். சாய்வாக வந்தால் வாயில் குறுகும். 45 பாகைச் சாய்வில் வரும் பந்துக்கு வளையம் ஏறத்தாழ 12¾ அங்குல அகலமாகவே தோன்றும். 32 பாகைக்கும் கீழே சாய்ந்து வரும் பந்து இரும்பில் உராயாமல் உள்ளே நுழைய இயலாது.

இப்போது இருவரை எண்ணிக்கொள்வோம். ஒருவர் பந்தைக் கையிலிருந்து விடும் உயரம் 7 அடி. மற்றவர் விடும் உயரம் 8½ அடி. இருவரும் வளையத்தின் நடுவிலிருந்து 15 அடி தொலைவில் நின்று, 60 பாகை ஏற்றத்தில் எறிகின்றனர். காற்றின் தடையை விட்டுவிடுவோம். பத்தடி வளையமாயின் குட்டையவரின் பந்து ஏறத்தாழ 53 பாகையில் இறங்கும். அவருக்கு வாயில் 14.4 அங்குலம். நெட்டையவரின் பந்து 57 பாகையில் இறங்கும். அவருக்கு வாயில் 15.1 அங்குலம். வளையத்தைப் பன்னிரண்டடிக்கு உயர்த்துங்கள். குட்டையவர் பந்து 47 பாகைக்கும் நெட்டையவர் பந்து 52 பாகைக்கும் வந்துவிடும். குட்டையவருக்கு வாயில் 13.1 அங்குலம், நெட்டையவருக்கு 14.1 அங்குலம். முன்னவர் இழந்தது ஏறத்தாழ ஒன்றேகால் அங்குலம். பின்னவர் இழந்தது ஓர் அங்குலம்கூட இல்லை. குறுகலான வாயிலும் குட்டையவருக்கே. கூடுதலான இழப்பும் குட்டையவருக்கே!

இத்தோடு முடியவில்லை. இருவரும் முன்னிலும் மிகுதியாகத் தவறுவர். தவறிய பந்து ஒவ்வொன்றும் துள்ளித் திரும்பும். துள்ளும் பந்தை யார் கைப்பற்றுவார்? கூடைக்கு அருகில் நிற்கும் நெட்டையவரே. எனவே வளையத்தை உயர்த்துவது எறிதலின் மதிப்பைக் குறைத்து, மீள்பந்தைப் பிடிப்பதன் மதிப்பைக் கூட்டுகின்றது. ஆலனின் கருத்து, கூடையருகே மேலிருந்து இடும் செயலைத் தடுக்கும் அளவில் சரி. ஆனால் அது ஆட்டத்தின் ஒரு கூறு மட்டுமே.

ஆலன் பக்கத்து நியாயத்தையும் கூறிவிடல் முறை. ஆட்டக்காரர் அனைவரும் பிறந்தது முதல் பத்தடிக்கே கை பழகியவர்கள். ஓர் இரவு ஆட்டத்தை வைத்துப் பன்னிரண்டடியின் தகுதியை முடிவு செய்வது, வலக்கையால் எழுதிப் பழகியவனிடம் ஒரு நாள் இடக்கையில் எழுதச் சொல்லி, இடக்கை பயனற்றது என்று தீர்ப்பளிப்பதைப் போன்றது. பல திங்கள் பழகிய பின்னர், பல குழுக்களை வைத்து ஆடிப் பார்த்திருந்தால் புள்ளிகள் உயர்ந்திருக்கலாம். ஆயினும் மேலே கண்ட கணக்கு பழக்கத்தைப் பொறுத்ததன்று. பழகினாலும் வாயில் குறுகலே.

அப்படியாயின் நெட்டையரை அடக்கியது எது? வேறு இரண்டு மாற்றங்கள். முதலாவது, கூடைக்கு முன்னால் தாக்கும் கட்சியினர் மூன்று நொடிக்குமேல் நிற்கக்கூடாத பகுதியை அகலமாக்கியது. தொழில்முறை ஆட்டத்தில் ஆறடியாக இருந்த அப்பகுதி 1951இல் பன்னிரண்டடி ஆயிற்று. 1964இல் பதினாறடி ஆயிற்று. கூடையை எட்டாத உயரத்துக்குக் கொண்டுபோகாமல், நெடியவனைக் கூடையிலிருந்து விலக்கி நிறுத்தினர். இரண்டாவது, விழப்போகும் பந்தைத் தடுப்பவர் தட்டிவிடக்கூடாது என்று 1944-45இல் கல்லூரி ஆட்டத்தில் வந்த விதி.

அதே 1954ஆம் ஆண்டில் வேறொரு சோதனை நடந்தது. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு காலம் கடத்துவதைத் தடுக்க, சிரக்யூஸ் குழுவின் உரிமையாளர் டேனி பயசோன் ஒரு கணக்குப் போட்டார். 48 நிமிடம் என்பது 2,880 நொடி. நல்ல ஆட்டத்தில் இரு குழுவும் சேர்ந்து ஏறத்தாழ 120 முறை எறிகின்றன. வகுத்தால் 24. ஆகவே 24 நொடிக்குள் எறிய வேண்டும் என்னும் விதியை ஆகஸ்டுத் திங்களில் ஆடிப் பார்த்தனர். அடுத்த பருவத்தில் சராசரி 93.1 புள்ளியாக உயர்ந்தது. ஒரே ஆண்டில் இரு சோதனைகள். ஒன்று ஆசையிலிருந்து பிறந்தது. மற்றொன்று நல்ல ஆட்டங்களை எண்ணிப் பார்த்ததிலிருந்து பிறந்தது. முன்னது மறக்கப்பட்டது, பின்னது இன்றும் நிற்கின்றது.

ஆலன் கதைக்கு ஒரு முடிவுரையும் உண்டு. நெட்டையரைக் கட்டுப்படுத்த வாழ்நாள் முழுதும் வாதாடிய அவரே, ஏழடிக்கும் மேற்பட்ட வில்ட் சேம்பர்லினைக் கான்சஸ் பல்கலைக்கழகத்துக்கு அழைத்து வந்தார். சேம்பர்லின் பல்கலைக்கழக முதன்மைக் குழுவில் ஆடத் தொடங்குமுன், 1956இல், வயது வரம்பு காரணமாக ஆலன் ஓய்வு பெற நேர்ந்தது.

உடைந்த கண்ணாடியும் உழவுக் கருவியின் சுருளும்

பந்தை வளையத்துக்கு மேலிருந்து திணிக்கும் செயல் 1967-68இல் கல்லூரி ஆட்டங்களில் தடை செய்யப்பட்டு, 1976-77இல் மீண்டும் இசைவு பெற்றது. திணிப்பவர் வளையத்தைப் பற்றித் தொங்குவதும் உண்டு. வளையம் விறைப்பாகப் பலகையில் பொருத்தப்பட்டிருந்தமையால் அந்த இழுப்பு முழுவதும் கண்ணாடியைச் சேர்ந்தது. 1979 நவம்பர் 13ஆம் நாள் கான்சஸ் சிட்டி நகரில் பிலடெல்பியா குழுவின் டேரில் டாக்கின்ஸ் பலகையை நொறுக்கினார். மூன்று வாரம் கழித்து, டிசம்பர் 5ஆம் நாள் தம் ஊரிலேயே மீண்டும் நொறுக்கினார். கண்டவர் ஆரவாரித்தனர். ஆனால் கண்ணாடிச் சில்லு தலைமேல் விழும் ஆட்டம் எத்தனை நாள் நடக்கும்?

விடை எதிர்பாராத இடத்தில் உருவாகியிருந்தது. இல்லினாய் மாநிலத்தில் லௌடர் என்னும் சிற்றூரில் தானியக் களஞ்சியம் ஒன்றை நடத்தி வந்தவர் ஆர்தர் எராட். கல்லூரிக் கூடைப்பந்துத் துணைப் பயிற்சியாளராக இருந்த அவருடைய சகோதரி மகன் வளையத்தின் தொல்லையை அவரிடம் கூறினான். எராட் உழவுக் கருவியின் சுருள்வில் ஒன்றை எடுத்து வளையத்தின் அடியில் பொருத்தினார். இலேசான மோதலுக்கு வளையம் அசையாது. ஏறத்தாழ 125 பவுண்டு எடை தொங்கினால் கீழே மடங்கும். விட்டதும் பழைய இடத்துக்கு மீளும். 1982இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. 1980களின் தொடக்கத்திலேயே தொழில்முறை ஆட்டங்களில் மடங்கும் வளையம் இடம்பெற்றுவிட்டது. களஞ்சியத்து உழவர் அறிவு விளையாட்டரங்கை வென்றது எனலாம்.

ஆனால் மடங்கும் வளையம் புதிய ஐயம் ஒன்றைக் கொணர்ந்தது. சுருள் தளர்ந்தால் வளையம் மெத்தென்று ஆகிவிடும். தவறிய பந்தும் தட்டுத் தடுமாறி உள்ளே விழும். சுருள் இறுகினால் வளையம் பந்தை எறிந்துவிடும். ஒரே அரங்கில் இரு பக்கமும் வேறு வேறாக இருந்தால் நீதி எங்கே? எனவே இன்று பன்னாட்டுக் கூடைப்பந்துச் சங்கம் அளவு வகுத்துள்ளது. பந்து மோதும் ஆற்றலில் வளையமும் அதன் தாங்கியும் உள்வாங்குவது 35 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். ஒரே அரங்கின் இரு வளையங்களுக்கும் இடையே வேறுபாடு 5 விழுக்காட்டைத் தாண்டலாகாது. வளையத்தில் பொருத்தி ஆற்றலை அளக்கும் கருவிகளும் உண்டு. கூடம் கோணலா என்று ஆட்டக்காரியைக் கேட்க வேண்டியதில்லை. கருவியைக் கேட்டால் போதும்.

நம் திடலுக்கு வருவோம்

இவ்வளவும் அமெரிக்கக் கதை. நமக்கென்ன என்று ஆசிரியர் எவரேனும் கேட்கலாம். ஸ்பிரிங்பீல்டில் பயின்ற எச். சி. பக் என்பவரே 1920இல் சென்னையில் உடற்கல்விக் கல்லூரியை நிறுவினார். தமிழ் மண்ணில் முறையான உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்கிய இடம் அது. சிங்கப்பூர்க் குழு 1956இல் மெல்பர்ன் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து ஆடிப் பதின்மூன்றாம் இடம் பெற்றது. ஆகவே உப்பரிகையில் தொங்கிய கூடை நமக்கு அயலானது அன்று.

அதனினும் முதன்மையான காரணம் ஒன்றுண்டு. பத்தடி உயரம் வளர்ந்த ஆடவர்க்கென ஆராய்ந்து குறித்ததன்று என்று கண்டோம். எட்டு வயதுச் சிறுவனுக்கு அது எவ்வாறு பொருந்தும்? கொம்புத்தேனுக்கு முடவன் ஆசைப்பட்ட கதையாக அன்றோ முடியும்? எட்டாத உயரத்துக்குப் பந்தை எறிய வேண்டியவன் இடுப்பிலிருந்து இரு கைகளாலும் உந்துகிறான். பழக்கம் தவறாகவே வேரூன்றுகிறது. கூடையில் ஒன்றும் விழாமையால் மனமும் தளர்கின்றது.

இதனை உணர்ந்து, பென்சில்வேனியா மாநிலத்து ஸ்கிராண்டன் நகரில் ஜே ஆர்ச்சர் என்பவர் 1950களின் தொடக்கத்தில் சிறுவர்க்கெனச் சிறு பந்தும் எட்டரை அடி வளையமும் அமைத்தார். அதிலிருந்து வளர்ந்ததே இன்றைய சிறுவர் கூடைப்பந்து. அதன் வளையம் 2.60 மீட்டர் உயரத்தில் நிற்கும்; பலகை 1.20 மீட்டர் அகலமும் 0.90 மீட்டர் உயரமும் உடையது, பந்தும் சிறியது. வளர்ந்தோர்க்கு உயர்த்தும் முயற்சி தோற்றது; சிறியோர்க்குத் தாழ்த்தும் முயற்சி வென்றது. காரணம் வெளிப்படை. பன்னிரண்டடி சிலரைத் தண்டிக்க எண்ணிச் செய்தது, 2.60 மீட்டர் பலரை ஆட்டத்துக்குள் அழைத்துவரச் செய்தது.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் திடலில் நிற்கும் வளையத்தின் உயரத்தை ஒரு நாள் அளந்து பாருங்கள். நான்கு பக்கமும் சமமா என்று நோக்குங்கள். பின்னர் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவைப் பெரிய வளையத்திலும் மற்றொரு பிரிவைத் தாழ்ந்த வளையத்திலும் சில வாரம் எறியச் செய்யுங்கள். இடையில் பிரிவுகளை மாற்றுங்கள். விழுந்த பந்துகளை எண்ணும் வேலையைப் பிள்ளைகளிடமே விடுங்கள். கணக்குப் பாடமும் அதில் அடங்கும். நீதிப் பாடமும் அதில் அடங்கும்.

நான் அளந்த அந்தக் கிழக்கு வளையத்தை மறுவாரமே கொல்லர் ஒருவரைக் கொண்டு நிமிர்த்தினோம். மாணவர்கள் மீண்டும் எறிந்தனர். பந்து முன்னிலும் நன்றாக விழுந்தது. ஆனால் எல்லாருக்கும் விழவில்லை. விழாதவர்கள் இம்முறை கூடத்தைக் குறை கூறவில்லை. மாலை மணி அடித்த பின்னரும் நின்று பயிற்சி செய்தனர்.